பாதிக்கு மேல் இடம் காலி, ஆனாலும் எழுத முடியவில்லை: கோவைக் கல்லூரி ஒன்றின் ஸ்கிராட்ச் குறித்த நிகழ்வு ஆய்வு

கோவையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் கிளஸ்டர் இது, அதாவது ஒன்றாக இணைத்துக் கணிப்பு வேலைகளை ஓட்டும் கணினிகளின் தொகுப்பு. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. 18 நோடுகள் (தனித்தனிக் கணினிகள்), நோடுக்கு 48 கோர், ஆக 864 கோர். ஜாப் (பயனர் ஓட்டக் கொடுக்கும் வேலை) வரிசையைப் பார்த்துக்கொள்வது ஸ்லர்ம் என்னும் மென்பொருள். எல்லா நோடுகளுக்கும் பொதுவான ஸ்கிராட்ச், அதாவது தற்காலிகக் கோப்புகளுக்கான இடம், 80 டிபி, பீஜிஎஃப்எஸ் கோப்பு முறைமையில். கோப்புகளின் உள்ளடக்கம் இரண்டு ஸ்டோரேஜ் சர்வர்களின் ஹார்ட் டிஸ்குகளில் கிடக்கிறது. கோப்பின் பெயர், உரிமையாளர், எந்தத் துண்டு எங்கே என்கிற மெட்டாடேட்டா மட்டும் தனியாக 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில்; அதற்கு இன்னொரு எஸ்எஸ்டி நகல். இதுபோக ஒவ்வொரு நோடிலும் 960 ஜிபி என்விஎம்இ (வேகமான சொந்த எஸ்எஸ்டி) உண்டு. அதை யாரும் பயன்படுத்தவே இல்லை.

பம்ப் தயாரிப்பாளர்களுக்காக இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) வடிவங்களைக் கணித்துப் பார்க்கும் இயந்திரவியல் துறை, காசியன் என்னும் மூலக்கூறு கணிப்பு மென்பொருளை ஓட்டும் வேதியியல் துறை, பயிர் மரபணுத் தரவைப் பிரிக்கும் உயிர்த் தொழில்நுட்பத் துறை ஆகியவைதான் பெரிய பயனர்கள். மூன்றும் தற்காலிக இடத்தை மூன்று விதமாகப் பயன்படுத்தும். முதல் துறை லட்சக்கணக்கில் சிறு கோப்புகளை எழுதும். இரண்டாவது, ஒரே ஒரு கோப்பைப் பல பத்து ஜிபி வரை ஊதும். மூன்றாவது, பழைய கோப்புகளைக் கொண்டுவந்து படிக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விதி வைத்திருந்தார்கள். கோளாறின் வேர் அங்கேதான் இருந்தது.

அறிகுறி

ஒரு காலையில் ஓடிக்கொண்டிருந்த ஜாப்கள் அடுத்தடுத்து விழுந்தன. எல்லாவற்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோ ஸ்கிராட்சில் 41 விழுக்காடுதான் நிரம்பியிருக்கிறது என்றது. அட்மினுக்கு வந்த முதல் கேள்வியே சரியான கேள்விதான்: “ஏனுங்க, இடந்தான் பாதிக்கு மேல காலியா இருக்குதுங்களே, அப்புறம் ஏனுங்க எழுத மாட்டேங்குது?”

அவசரத்தில் ஒரு பழைய 6 டிபி தரவுத் தொகுதியை அழித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அந்தத் தொகுதியில் இருந்தவை ஐம்பது, அறுபது பெரிய கோப்புகள் மட்டுமே. தட்டுப்பாடு இடத்துக்கு இல்லை, ஐநோடுக்கு. ஐநோடு என்பது ஒவ்வொரு கோப்புக்கும் டைரக்டரிக்கும் கோப்பு முறைமை ஒதுக்கும் பதிவு; அது தீர்ந்தால், இடம் இருந்தும் புதுக் கோப்பு எழுத முடியாது. லினக்ஸ் இரண்டு தட்டுப்பாட்டுக்கும் ஒரே பிழைச் செய்தியைத்தான் தருகிறது. இது தெரியாததால் வீணான நேரம் ஏராளம்.

பீஜிஎஃப்எஸ்ஸில் இதைப் பார்க்க ‘பீஜிஎஃப்எஸ்-டிஎஃப்’ என்ற கட்டளை இருக்கிறது. மெட்டாடேட்டா சர்வருக்கும் ஸ்டோரேஜ் சர்வருக்கும் தனித்தனி அட்டவணை போட்டு, இடம், ஐநோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மெட்டாடேட்டா வரிசையில் மீதி ஐநோடு சுழி.

கணக்கு எங்கே தவறியது

மெட்டாடேட்டா எஸ்எஸ்டியில் இருந்தது எக்ஸ்ட்4 என்னும் லினக்ஸ் கோப்பு முறைமை. ஃபார்மட் செய்யும்போதே எத்தனை ஐநோடு என்பதை அது முடிவு செய்துவிடுகிறது. அதே அளவு டிஸ்கில் பிறகு கூட்ட வழியில்லை. எதுவும் சொல்லாமல் ஃபார்மட் செய்தால் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு. 480 ஜிபியை அதால் வகுத்தால் ஏறக்குறைய 2 கோடியே 93 லட்சம். சாதாரண டிஸ்குக்கு இது தாராளம். மெட்டாடேட்டா டிஸ்குக்குப் போதவே போதாது. அங்கே ஒவ்வொரு கோப்பும் ஓர் ஐநோடை மட்டும் பிடித்துக்கொண்டு, உள்ளடக்கம் என்று எதையும் வைப்பதில்லை. அதனால்தான் பீஜிஎஃப்எஸ் ஆவணம் மெட்டாடேட்டாவுக்கு 2,048 பைட்டுக்கு ஒரு ஐநோடு, ஐநோடின் அளவு 512 பைட் என்று ஃபார்மட் செய்யச் சொல்கிறது. அப்படிச் செய்திருந்தால் அதே டிஸ்கில் ஏறக்குறைய 23 கோடியே 44 லட்சம் கிடைத்திருக்கும். ஐநோடு அட்டவணையே 120 ஜிபி பிடிக்கும், கால் பங்கு. இருக்கட்டும், அந்த டிஸ்கின் வேலையே அதுதானே.

இனி செலவுப் பக்கம். இயந்திரவியல் துறையின் பாய்வுக் கணிப்பு மென்பொருளான ஓப்பன்ஃபோம் ஒரு கணிப்பை 96 கோர்களுக்குப் பிரித்தால், வழக்கமான முறையில் 96 ‘பிராசஸர்’ டைரக்டரிகள் உருவாகும். விடைகளைச் சேமிக்கும் ஒவ்வொரு நேரப்படியிலும் அந்த 96க்குள்ளும் ஒரு நேர டைரக்டரி, அதனுள் ‘யூனிஃபார்ம்’ என்று இன்னொன்று, வேகம், அழுத்தம், கொந்தளிப்பு அளவுகள், பாய்வு என ஏழு கோப்பு. ஆக ஒரு சேமிப்புக்கு 96 × 9 = 864 உருப்படிகள். 2,000 சேமிப்பு உள்ள ஓர் ஓட்டத்துக்கு 17 லட்சத்து 28 ஆயிரம். 2.93 கோடியை இதால் வகுத்தால் ஏறக்குறைய 17 ஓட்டங்கள். உண்மையில் 17 வரைகூடப் போகாது. டைரக்டரிக்கு பீஜிஎஃப்எஸ் ஒன்றுக்கு மேல் ஐநோடு எடுக்கும். இம்பெல்லரோடு சுழலும் மெஷ் (கணிப்புக்காக இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) என்றால் புள்ளிக் கோப்பும் ஒவ்வொரு படியிலும் சேரும். ஓர் எம்.இ. மாணவர் இறக்கைக் கோணத்தை நான்கு விதமாகவும் அகலத்தை மூன்று விதமாகவும் மாற்றிப் பார்த்தாலே 12 ஓட்டம் ஆகிவிடுகிறது. அதில் அவர் தவறு ஏதும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தார்.

யார் எவ்வளவு என்று எண்ணும்போது கவனம் தேவை. அளவோ தேதியோ கேட்டு, கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் மெட்டாடேட்டா சர்வரைத் தட்டும். விநாடிக்கு 5,000 கோப்பு என்று வைத்தாலும் 2.93 கோடிக்கு 5,860 விநாடி, ஒரு மணி நேரம் 38 நிமிடம். அதுவரை மற்றவர்களின் ஜாப்களும் தவிக்கும். பெயர்களை மட்டும் எண்ணினால் டைரக்டரியைப் படிப்பதோடு முடியும், பல மடங்கு வேகம். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸும் அப்படித்தான்: வண்ணம் போட்டுக் காட்டும் வழக்கமான எல்எஸ் ஒவ்வொரு கோப்பையும் விசாரிக்கும், வண்ணமும் வரிசையும் இல்லாத ‘-எஃப்’ (சிறிய எழுத்து) வடிவம் விசாரிக்காது.

முதலுதவி

முடிந்துபோன ஓட்டங்களைத் தேர்ந்து, கடைசி நேரப்படியை மட்டும் ‘ரீகன்ஸ்ட்ரக்ட்பார்’ கொண்டு ஒன்றுசேர்த்து, பிராசஸர் டைரக்டரிகளை அழிப்பதுதான் முதல் வேலை. ஒன்றுசேர்க்கும் கோப்பை எழுதவே ஐநோடு இல்லை என்பதால் அதை நோடின் என்விஎம்இயில் எழுத வைத்தார்கள். அழிப்பதை ஒரே ஆர்எம்மில் விட்டால் நாள் முழுக்கப் போகும். 96 பிராசஸர் டைரக்டரிகளை எட்டு எட்டாகப் பிரித்து இணையாக ஓட்டுவது சரியான அளவு. நாற்பது ஐம்பது என்று ஏற்றினால் மெட்டாடேட்டா சர்வர் திணறி, அழிப்பே மெதுவாகிவிடும்.

அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் அந்தக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போனாலும், கடைசிப் பிடி விடும்வரை இடம் விடுபடாது. நோடின் சொந்த டிஸ்கில் இப்படிச் சந்தேகம் வந்தால் ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அந்தப் புரோகிராமைக் காட்டிக்கொடுக்கும்.

தேதியை நம்பிய துப்புரவு

‘துப்புரவு ஸ்கிரிப்ட் இருந்துமா இப்படி ஆயிற்று?’ என்று கேட்கலாம். இருந்தது. ஒவ்வோர் இரவும் ரூட் (நிர்வாகி) உரிமையில், எழுதி 30 நாள் கடந்த கோப்புகளை ஃபைண்ட் கொண்டு அழித்தது. ஓப்பன்ஃபோம் கோப்புகள் மூன்று வாரத்தில் குவிந்தவை என்பதால் அதன் கண்ணில் படவில்லை. அழிக்கக் கூடாததை அழித்ததில்தான் அது சிறந்து விளங்கியது என்று சொல்ல வேண்டியிருப்பது வருத்தமான விஷயம். இரண்டு இழப்புகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மரபணுத் தரவு. மாணவி ஒருவர் மாலையில் டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) ஒன்றை ஸ்கிராட்சில் பிரித்தார். டார் பிரிக்கும்போது கோப்பின் பழைய தேதியையே திரும்ப வைக்கும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ‘-ஏ’ போட்டு ஓட்டினாலும் அதே கதை. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி கொண்ட அந்தக் கோப்புகள், ஸ்கிராட்சுக்கு வந்து ஏழு மணி நேரம்கூட ஆகாத நிலையில் அன்றிரவே அழிந்தன.

இரண்டு, மெஷ். கணிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதப்படும் மெஷ் கோப்பு 30 நாளில் பழையதாகிவிடும். நேரம் முடிந்து நின்ற ஓட்டத்தை 35ஆம் நாளில் தொடர முயன்றால், விடைகள் இருக்கும், மெஷ் இருக்காது.

மாற்றிய தேதி என்பது பயனர் கையில் உள்ள எண். டச் கட்டளையால் யாரும் அதைப் புதிதாக்கலாம், டாரால் பழையதாகும். படித்த தேதியையும் நம்ப முடியாது: நோடின் டிஸ்கில் ‘ரெல்ஏடைம்’ அமைப்பு இருந்தால், கோப்பு மாறாதவரை ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் அது புதுப்பிக்கப்படாது, ‘நோஏடைம்’ என்றால் புதுப்பிக்கப்படவே படாது. ஐநோடு மாறிய தேதியான சிடைமைப் பயனர் நினைத்தபடி பின்னுக்குத் தள்ள முடியாது. டார் பிரித்த கோப்புக்கும் பிரித்த நேரமே அதில் பதியும். எனவே மூன்று தேதிகளில் எது புதியதோ அதை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கோப்பு கோப்பாகப் பார்க்காமல் ஓட்டத்தின் மேல் டைரக்டரியை ஓர் அலகாகக் கொண்டு, உள்ளே ஒன்று புதியதாக இருந்தாலும் முழுவதையும் விட்டுவிட வேண்டும். மெஷ் கோப்பு பிழைப்பது அப்போதுதான்.

புதிய துப்புரவு மூன்று படியில் நடக்கிறது. முதலில் பட்டியல் மட்டும்: பயனருக்கு மின்னஞ்சல், ஏழு நாள் அவகாசம். அடுத்து, அதே ஸ்கிராட்சுக்குள் இருக்கும் ஒதுக்கிடத்துக்கு நகர்த்தல். ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டுமே, தரவு அசைவதில்லை. 4 டிபி டைரக்டரியும் நொடியில் போய்விடும். இன்னும் ஏழு நாள் கழித்துத்தான் அழிப்பு. ஒன்றை மறக்கக் கூடாது: ஒதுக்கிடத்தில் கிடக்கும் கோப்பும் ஐநோடைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மீதி ஐநோடு 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அட்மினுக்கு எச்சரிக்கை போகும்படி வைத்தார்கள்.

ஸ்கிரிப்ட்டுக்குள் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஃபைண்டில் ‘-டிலீட்’ எப்போதும் கடைசியில் வர வேண்டும். தேதி நிபந்தனைக்கு முன்னால் எழுதிவிட்டால், நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். ஃபைண்ட் கண்டுபிடித்ததை ஆர்எம்முக்குக் கொடுக்கும் பழைய வழியில், இரண்டுக்கும் நடுவே பயனர் டைரக்டரியை எடுத்துவிட்டுச் சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு) ஒன்றை வைத்தால், ரூட் உரிமையோடு வேறு இடத்தில் அழிப்பு நடக்கும். ‘-டிலீட்’ இந்த ஓட்டையை அடைக்கிறது. அந்தந்தப் பயனரின் உரிமையிலேயே அழிப்பை ஓட்டுவது இன்னும் நல்லது.

அழிக்கும் ஸ்கிரிப்ட்டை அலட்சியமாகத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது சாட்சியாக நிற்கிறது. பழைய பதிவுக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப் பதிப்பால் மேலெழுதினார்கள். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ் அதை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓடஓடப் படிக்கும். நடுவில் கோப்பு மாறியதால் மதிப்பில்லாத மாறியோடு ஃபைண்ட் ஓடி, 14 ஆய்வுக் குழுக்களின் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், சுமார் 77 டிபி, அழிந்தன. இதைத் தடுக்கப் பெரிய வித்தை வேண்டாம். புதுப் பதிப்பை வேறு பெயரில் எழுதி, எம்வி கொண்டு பழையதன் இடத்தில் வைத்தால், ஓடும் ஸ்கிரிப்ட் பழைய ஐநோடையே படித்துக்கொண்டிருக்கும். கூடவே மதிப்பில்லாத மாறியைக் கண்டால் நின்றுவிடும் ‘செட் -யு’ முதல் வரியில் இருக்கட்டும்.

ஜாப்போடு பிறந்து ஜாப்போடு போகும் டைரக்டரி

எவ்வளவு திருத்தினாலும் தேதிவாரித் துப்புரவு இரண்டாம் காவல்தான். களத்துமேட்டில் கடலை அடித்தால் அன்றைக்கே தூற்றி மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். முப்பது நாள் கழித்து யாராவது வந்து கூட்டட்டும் என்று விடுவதில்லை. தற்காலிகக் கோப்பின் ஆயுள் அதை எழுதிய ஜாப்பின் ஆயுளாக இருக்க வேண்டும். ஜாப் எப்போது முடிகிறது என்று சரியாகத் தெரிந்தவர் ஸ்லர்ம் ஒருவர்தான்.

ஸ்லர்ம் 20.11 பதிப்பிலிருந்து ‘ஜாப்_கன்டெய்னர்/டெம்ப்எஃப்எஸ்’ என்ற பிளகின் உண்டு. ஒவ்வொரு ஜாப்புக்கும் தனி ‘/டெம்ப்’ (தற்காலிக டைரக்டரி), தனி ‘/டெவ்/எஸ்ஹெச்எம்’ (நினைவகத்தில் உள்ள தற்காலிக இடம்) கொடுத்து, ஜாப் முடிந்ததும் அழித்துவிடும். ஒரே நோடில் இரண்டு பேர் ஓட்டினாலும் ஒருவர் கோப்பு மற்றவர் கண்ணில் படாது. அதன் கான்ஃபிக் கோப்பில் ‘பேஸ்பாத்’ என்பதை என்விஎம்இக்குத் திருப்பி, முதன்மைக் கான்ஃபிக்கில் ‘ஜாப்கன்டெய்னர்டைப்’ என்பதில் இந்தப் பிளகினைக் குறித்து, ‘ப்ரோலாக்ஃப்ளாக்ஸ்’ என்பதில் ‘கன்டெய்ன்’ சேர்த்தால் போதும். சும்மா கிடந்த 18 என்விஎம்இக்கும் அன்றுதான் வேலை வந்தது.

பழைய ஸ்லர்ம் வைத்திருப்பவர்கள், ஜாப்புக்கு முன்னும் பின்னும் ஓடும் ப்ரோலாக், எபிலாக் ஸ்கிரிப்ட்டுகளால் இதையே கையால் செய்யலாம். மூன்று இடத்தில் தடுக்கும். டைரக்டரியை உருவாக்குவது ப்ரோலாக்கில். ஆனால் தற்காலிக இடம் எது என்று சொல்லும் டெம்ப்டிர் மாறியை அங்கே வைத்தால் பயனரின் ஜாப்புக்குப் போய்ச் சேராது. டாஸ்க்ப்ரோலாக் என்னும் வேறு ஸ்கிரிப்ட், ‘எக்ஸ்போர்ட்’ என்று தொடங்கும் வரியை அச்சிட வேண்டும். ஸ்லர்ம் அந்த வரியைப் படித்து மாறியாக்கும். அடுத்து, எபிலாக் சுழியல்லாத எண்ணோடு முடிந்தால் நோடு ‘ட்ரெய்ன்’ (புது ஜாப் ஏற்காத) நிலைக்குப் போய்விடும். ஓர் அழிப்பு தோற்றதால் காலையில் பாதி நோடுகள் வரிசையில் இல்லாமல் போவது இப்படித்தான். மூன்றாவதுதான் பயங்கரமானது. எபிலாக்கில் இருக்கும் ஒற்றை வரி இது:

ஆர்எம் -ஆர்எஃப் /லோக்கல்/$ஜாப்எண்

ஜாப்எண் காலியாக இருந்தால் என்ன மிஞ்சுகிறது என்று படித்துப் பாருங்கள். அந்த நோடில் ஓடும் எல்லா ஜாப்களின் தற்காலிக டைரக்டரியும் ஒரே வரியில் போய்விடும். மாறி காலியென்றால் அங்கேயே நிற்கும்படி, மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து நெளி அடைப்புக்குள் எழுதும் வடிவம் பாஷில் உண்டு. அது இல்லாத எபிலாக்கை ஏற்றவே கூடாது.

நேரம் முடிந்தால் விடை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. நேரம் முடிந்ததும் ஸ்லர்ம் நிறுத்தச் சொல்லிச் சமிக்ஞை கொடுத்து, 30 விநாடி பொறுத்துக் கொன்றுவிடும். 40 ஜிபியை 10 ஜிகாபிட் வலையில் நகர்த்த, ஒரு தடையும் இல்லாவிட்டாலே 32 விநாடி ஆகும். எனவே ஜாப் ஸ்கிரிப்ட்டில் ‘--சிக்னல்=பி:யுஎஸ்ஆர்1@600’ என்று கேட்டால் 10 நிமிடம் முன்பே ஸ்கிரிப்ட்டுக்குச் சமிக்ஞை வரும்; பாஷின் ‘ட்ராப்’ கட்டளை அதைப் பிடித்து விடைகளை ஸ்கிராட்சுக்கு நகர்த்தும். இதை எழுதியும் நகரவில்லை என்று வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரே தவறுதான்: கணிப்பை முன்னணியில் ஓட்டியிருப்பார்கள். முன்னணிக் கட்டளை முடியும்வரை பாஷ் ட்ராப்பை ஓட்டாது. கணிப்பைக் கடைசியில் ‘&’ போட்டுப் பின்னணிக்கு அனுப்பி, அடுத்த வரியில் ‘வெயிட்’ எழுத வேண்டும்.

மென்பொருள்வாரியாக

டெம்ப்டிர் வைத்தாலே எல்லாம் அங்கே போய்விடும் என்று நினைக்கக் கூடாது. பைதான், ஜிஎன்யு சார்ட் இரண்டும் மதிக்கும். ஜாவா மதிக்காது, ‘ஜாவா.ஐஓ.டெம்ப்டிர்’ பண்பைத் தனியாகச் சொல்லாவிட்டால் நேரே ‘/டெம்ப்’புக்குத்தான் எழுதும். மரபணு மென்பொருளான ஜிஏடிகே ஓட்டும்போது அதன் ‘--டெம்ப்-டிர்’ தேர்வைக் கொடுத்துவிடுவது நல்லது. தனி ‘/டெம்ப்’ வந்த பிறகு இந்தத் தலைவலி குறைந்தது, அந்தப் பிளகினை விரும்ப இதுவும் ஒரு காரணம். காசியனுக்குக் ‘காஸ்_எஸ்சிஆர்டிர்’ மாறி; கொல்லப்பட்ட ஜாப்பின் ஆர்டபிள்யூஎஃப் என்னும் தற்காலிகக் கோப்பு தானாகப் போகாது என்பதால் என்விஎம்இதான் அதற்குச் சரியான இடம். மென்பொருள்களை நிறுவ உதவும் கோண்டா சூழல்கள் ஒவ்வொன்றும் பல பத்தாயிரம் கோப்புகள். அப்டெய்னர் என்னும் கன்டெய்னர் படமாக ஒரே கோப்பில் அடைத்தால் ஸ்கிராட்சில் ஓர் ஐநோடு.

ஓப்பன்ஃபோமுக்குத்தான் பெரிய பலன். ‘-ஃபைல்ஹேண்ட்லர் கொலேட்டட்’ என்று ஓட்டினால் 96 டைரக்டரிக்குப் பதில் ஒன்றே ஒன்று. சேமிப்புக்கு 864 உருப்படி 9 ஆகிறது. தரவெல்லாம் முதல் கோர் வழியே போவதால் அந்த நோடில் நினைவகம் கொஞ்சம் தாராளமாகக் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, 2,000 சேமிப்பு எதற்கு என்பது. 2,900 ஆர்பிஎம் பம்பில் ஒரு சுற்று 20.7 மில்லி விநாடி. 5 பாகைக்கு ஒரு சேமிப்பு என்றால் சுற்றுக்கு 72. கடைசி இரண்டு சுற்றுக்கு 144. ‘பர்ஜ்ரைட் 144’ என்று எழுதினால் பழையதைத் தானே அழித்துக்கொண்டு போகும். அழுத்தத் துடிப்பு வேண்டுமென்றால் வால்யூட் (பம்பின் சுருள் கூடு) நாக்குக்கு அருகே ‘ப்ரோப்’ புள்ளிகள் வைத்து ஒவ்வொரு நேரப்படியிலும் எண்ணாக எழுதலாம். முழுப் புலத்தைச் சேமிப்பதைவிட அது துல்லியம். இரண்டும் சேர்ந்தால் 17 லட்சத்து 28 ஆயிரம் என்பது 1,296 ஆகிறது.

மெட்டாடேட்டா டிஸ்கை மறுபடி ஃபார்மட் செய்தது பொங்கல் விடுமுறையில். இரண்டு வாரம் முன்பே அறிவித்து, ஸ்கிராட்சை முழுக்கக் காலி செய்துவிட்டுப் புதிதாக அமைத்தார்கள். ஸ்கிராட்சுக்குப் பேக்கப் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்ததால்தான் அது முடிந்தது. பயனர்வாரி அளவுக்கட்டுப்பாடு பீஜிஎஃப்எஸ்ஸில் கட்டணப் பதிப்பில்தான் அமலாகும். கல்லூரியிடம் அது இல்லை. பதிலாக வாராவாரம் பயனர்வாரியாகக் கோப்பு எண்ணிக்கையை எண்ணி, உள்நுழையும்போது அவரவர் எண் திரையில் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

படிப்பு முடித்துப் போகிறவர்களின் கோப்புகள் இன்னும் பாக்கி. கணக்கை மட்டும் நீக்கினால் கோப்புகள் வெறும் எண்ணின் பெயரில் நிற்கும். ‘-நோயூசர்’ போட்டால் ஃபைண்ட் அவற்றைக் காட்டும். ஜூலையில் வரும் புது மாணவருக்கு அதே எண் போனால், முன்னவரின் கோப்பெல்லாம் அவருடையதாகிவிடும். அதனால் கணக்கை நீக்கும் முன் கோப்புகளை வழிகாட்டிப் பேராசிரியர் பெயருக்கு மாற்றுவதும், ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காததும் இப்போது நோ-ட்யூஸ் படிவத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது.